சிறைக்குள் செல்போன்: நீலகிரியிலிருந்து பார்க்கும்போது

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நீண்ட காலத் தண்டனை கிடைத்தால், அவர் கோயம்புத்தூர் மத்திய சிறைக்குத்தான் போக வேண்டும். நீலகிரியில் மத்திய சிறை கிடையாது. மலையில் இருப்பவை கிளைச்சிறைகள். விசாரணைக் கைதிகளைக் கொஞ்ச காலம் வைத்திருக்கும் சிறிய இடங்கள் அவை. வீட்டார் மனு பார்க்க, அதாவது மனு எழுதிக் கொடுத்துக் கைதியை நேரில் சந்திக்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்பி, கூடலூர், நடுவட்டம், உதகை, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று மலை முழுவதையும் கடந்து காந்திபுரம் போய்ச் சேர வேண்டும். ஒரு வழிக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். வரிசையில் நின்று, மனு எழுதிக் கொடுத்து, சத்தத்துக்கு நடுவே சில நிமிடம் பேசிவிட்டு அதே வழியில் மலை ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு தனி. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு மறுநாள் கூலியும் சேர்ந்தே போகும்.

சிறைக்குள் செல்போன் என்ற விஷயத்தை இந்தத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் நம் மனதில் வருவது ஒரே ஒரு ஆள்தான்: உள்ளே உட்கார்ந்துகொண்டு வெளியே மாமூல் கேட்கும் ரவுடி. அப்படிப்பட்டவர்கள் உண்டு, ஆபத்தானவர்கள். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சிறைக்குள் வரும் கள்ளப் பொருள்களைப் பிடித்து வந்த ஓர் அதிகாரியை 2010ல் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். பல குண்டுகள் பாய்ந்தும் அவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தாக்குதலுக்கான ஏற்பாடு சிறைக்குள் இருந்த ஒரு செல்போன் வழியாகத்தான் நடந்தது. ஆனால் ரவுடி கொண்டுவரும் அதே போனைக் காசு கொடுத்து வாங்கி, ‘பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா’ என்று கேட்கிற ஆளும் உள்ளே இருக்கிறார். இவர்தான் அந்த வியாபாரத்தின் வாடிக்கையாளர். இந்த இரண்டு பேரையும் ஒரே கண்ணால் பார்ப்பதால்தான், தடுக்க எவ்வளவு செலவழித்தாலும் போன்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன.

போன் உள்ளே போகும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பந்துக்குள் வைத்து மதிலுக்கு மேலே வீசுவது. வாய்தாவுக்கு நீதிமன்றம் போய் வரும்போது வாங்கிக்கொண்டு வருவது. சாப்பாடு, துணி, சோப்பு என்று கொண்டுவரும் பொருளுக்குள் மறைப்பது. கட்டைவிரல் அளவுக்குப் பட்டன் போன்கள் கிடைப்பதால் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கொண்டுவருவதும் உண்டு. உள்ளே போன பிறகு போன் ஒருவரிடம், பேட்டரி இன்னொருவரிடம், சிம் மூன்றாவது ஆளிடம் என்று பிரிந்துவிடும். கழிப்பறைச் சுவரிலோ மண்ணுக்குள்ளோ எது கிடைத்தாலும், யாருடையது என்று நிரூபிப்பது கஷ்டம்.

கடைசி வழி, சிறை ஊழியர்களில் சிலரே. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெளியே ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு உள்ளே பல மடங்கு விலை இருக்கும் வரை, அந்த வித்தியாசம் யாரோ ஒருவருடைய சட்டைப்பைக்குப் போகத்தான் செய்யும். வாசலில் எல்லோரையும் ஒரே மாதிரி சோதித்தால், ஊழியர்களையும் சேர்த்து, யார் எப்போது சோதிப்பார் என்று முன்கூட்டியே தெரியாதபடி சோதித்தால், அது எந்த இயந்திரத்தையும் விட அதிகம் தடுக்கும். கிளைச்சிறைகளில் இது இன்னும் கடினம். ஆள் குறைவு. சின்ன ஊர் என்பதால் காவலருக்கும் கைதிக்கும் கைதியின் மாமனுக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கும்.

ஜாமர் வைத்துவிடலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. ஜாமர் போனை அணைப்பதில்லை. கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசையிலேயே அது இரைச்சலை அனுப்புகிறது. சந்தையில் ஒலிபெருக்கி அலறும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது அல்லவா, அப்படித்தான். போனுக்குக் கோபுரத்தின் குரல் கேட்காது. ‘சிக்னல் இல்லை’ என்று காட்டும். ஆக, இது இரண்டு சத்தங்களுக்கு நடுவே நடக்கும் போட்டி. கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஜாமரும் அதற்கேற்ப ஓங்கிக் கத்த வேண்டும்.

அலைவரிசையும் ஒன்றல்ல. 2ஜி 900, 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, 3ஜி 2100க்குப் போனது, 4ஜி 850, 1800, 2300 என்று பரவியது. 5ஜி 2022 அக்டோபரில் வந்தபோது 700ம் 3300க்கு மேற்பட்ட பட்டையும் சேர்ந்தன. நாட்டின் பல சிறைகளில் 2ஜி, 3ஜி காலத்தில் வாங்கி மாட்டிய ஜாமர்கள், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைக்குக் கை 4ஜி போன் பரவியதும் பெரும்பாலும் சுவரில் தொங்கும் பெட்டிகளாகிவிட்டன. போன் மாறும் வேகத்துக்கு அரசின் டெண்டர் ஓட முடியாது. ஜாமரை யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்கவும் முடியாது. மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் அனுமதி வேண்டும், பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.), எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் (இ.சி.ஐ.எல்.) போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வழியாக வாங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான். ஒரு ஜாமர் தவறான கையில் கிடைத்தால் ஆம்புலன்ஸ் அழைப்பும் சேர்ந்தே செத்துவிடும்.

சமவெளியில் ஒரு சிறையைச் சுற்றி வெற்றிடம் விட்டு ஜாமரை அளவோடு வைக்கலாம். மலை ஊரில் நிலைமை வேறு. உதகையோ குன்னூரோ கூடலூரோ, வீடுகள் சரிவில் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன. கோபுரத்தை மேட்டில்தான் நிறுத்துவார்கள். அங்கிருந்து பள்ளத்தில் இருக்கும் கட்டடத்துக்கு நேர்ப்பார்வை கிடைப்பதால் சிக்னல் பலமாக விழும். அதை அமுக்க ஜாமரின் சக்தியைக் கூட்டினால், அந்த இரைச்சலும் அதே நேர்ப்பார்வையில் எதிர்ச் சரிவுக்குப் போகும். நடுவில் தடுக்க எதுவும் இல்லை. சரிவுக்கு மறுபக்கம் இருக்கும் பள்ளத்திலோ ஏற்கெனவே சிக்னல் பஞ்சம். மதிலின் உயரம்கூட மலையில் ஏமாற்றும். கீழே நின்று பார்த்தால் எட்டாத மதில், மேல் சாலையில் நிற்பவருக்கு இடுப்பளவு போலத் தெரியலாம்.

இங்கே சிக்னல் போவது சின்ன விஷயமும் அல்ல. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் அடுக்கடுக்காக மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை வந்தது என்ற தகவலே இப்போது போனில்தான் போகிறது. ஒரு சிறைக்காக ஒரு பள்ளத்தாக்கின் சிக்னலை மழைக்காலத்தில் கெடுக்கிறோம் என்றால், அதை அந்த ஊர் மக்களிடம் நேருக்கு நேர் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதற்கு மாற்றாகச் சில இடங்களில் செய்வது, சிறைக்குள்ளேயே ஒரு சின்னக் கோபுரம் வைப்பது. அது எல்லா நிறுவனங்களின் சிக்னலையும் தானே அனுப்பும். உள்ளே இருக்கும் போன் எதுவானாலும் பக்கத்தில் பலமாகக் கேட்கும் இந்தக் கோபுரத்தோடுதான் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு, அனுமதிக்கப்பட்ட எண்ணாக இருந்தால் அழைப்பு போகும். இல்லையென்றால் போகாது. இரைச்சல் கிடையாது, ஊழியர்களின் அவசர அழைப்பும் கெடாது, எந்தெந்தப் போன் முயன்றது என்ற பதிவும் கிடைக்கும். டெல்லி திகார் சிறையில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஜாமருக்குச் சட்டமே தடை போட்டிருப்பதால் அங்கே இதுதான் முக்கிய வழி. இதற்குப் பணமும், எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஒத்துழைப்பும், தொடர்ந்த பராமரிப்பும் வேண்டும். மத்திய சிறைக்கு இது பொருந்தும். சிலர் மட்டுமே இருக்கும் ஒரு கிளைச்சிறைக்கு இவ்வளவு செலவு பொருந்தாது.

சரி, தடுக்காவிட்டாலும் கண்டுபிடிக்கலாமே என்றால், அதிலும் மலை ஊர் ஒரு முடிச்சுப் போடுகிறது. கோபுரத்துக்கும் போனுக்கும் இடையிலான தூரத்தை நெட்வொர்க் தானாகவே கணக்கிடும். 2ஜியில் அந்தக் கணக்கு ஏறத்தாழ 550 மீட்டர் படிகளில்தான் கிடைக்கும். 4ஜியில் 78 மீட்டர் படி. உதகை போன்ற ஊரில் 78 மீட்டருக்குள் சிறை, தபால் ஆபீஸ், பேக்கரி, நாற்பது வீடு எல்லாம் அடங்கிவிடும். அதனால் கோபுரத் தகவலை மட்டும் வைத்து ‘இந்த எண் உள்ளே இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. இரவு முழுக்க அசையாமல், பகலிலும் ஊரைத் தாண்டாமல், வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து ஐந்தாறு சிம்களை மாற்றிப் போட்டுக்கொள்ளும் போன் என்றால் சந்தேகப்படலாம். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. சிம்மை மாற்றினாலும் அது மாறாது. களவு போன கைபேசிகளை முடக்க 2023 மே மாதம் நாடு முழுவதும் திறந்த மத்தியப் பதிவேடு இந்த எண்ணை வைத்துத்தான் வேலை செய்கிறது. பிரிட்டனில் 2015ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சிறைக்குள் இருக்கிறது என்று காட்ட முடிந்தால், கையில் சிக்காத போனையும் நீதிமன்ற உத்தரவு வாங்கித் துண்டிக்கலாம். சுவரை இடித்துத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். நம் ஊரிலும் இப்படித் தெளிவான ஒரு வழி வேண்டும்.

நம்முடைய சட்டம் இன்னும் 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தில் நிற்கிறது. தடை செய்த பொருளை உள்ளே கொண்டு போனால் அதன் 42ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு 200 ரூபாய் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை. இன்றைக்குப் பந்தலூரிலிருந்து மனு பார்க்க வந்து போகும் செலவுக்கே அது காணாது. மத்திய உள்துறை 2023ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம், செல்போன் வைத்திருக்கும் கைதிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது. சிறைத்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒவ்வொரு மாநிலமும் தானே சட்டம் இயற்றினால்தான் அது செல்லும். தண்டனையைக் கூட்டுவதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. மிரட்டப் பேசியவருக்கும் மகளிடம் பேசியவருக்கும் ஒரே மூன்று ஆண்டு என்றால், பிடிபடுபவர் பெரும்பாலும் இரண்டாவது ஆளாகத்தான் இருப்பார். போனை ஒளித்து வைக்க ஆளும் பணமும் அவரிடம் இருக்காது.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேலானவர்கள் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவர்கள். ஜாமீனுக்கு யார் கையெழுத்துப் போடுவார், வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டோடு பேச வேண்டிய வேலை அவர்களுக்குத்தான் அதிகம். முன்பெல்லாம் காவல் நீட்டிப்புக்காக நீதிமன்றம் கூட்டி வரும்போது வராந்தாவில் குடும்பம் காத்திருக்கும். குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள், இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். இப்போது பல சமயம் காணொளியிலேயே காவல் நீட்டிப்பு முடிந்துவிடுகிறது. வழிக்காவல் போலீஸ் மிச்சம், மலைப்பாதைப் பயணம் மிச்சம், நீதிமன்ற வாசலில் போன் கைமாறும் ஒரு வழியும் அடைபட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த வராந்தாச் சந்திப்பு போனதற்கு ஈடாக வீட்டாருக்கு என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

ஈடாக இருக்க வேண்டியது சிறையின் சட்டபூர்வத் தொலைபேசி. தமிழ்நாட்டுச் சிறைகளில் அந்த வசதி இருக்கிறது. முன்பே பதிவு செய்த எண்ணுக்கு மட்டும், குறிப்பிட்ட நிமிடத்துக்கு, கண்காணிப்போடு பேசலாம். 2020ல் கொரோனாவால் நேர்காணலை நிறுத்தியபோது, வீட்டாரோடு வீடியோவில் பேச ஸ்மார்ட்போன்களைச் சிறைத்துறையே ஏற்பாடு செய்தது. கைதிகள் குடும்பத்தோடு மின்னணு வழியாகவும் தொடர்பில் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு மண்டேலா விதிகளில் 58வது சொல்கிறது. அடுத்த விதி, முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துச் சிறையிலேயே வையுங்கள் என்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1981லேயே, பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில், குடும்பத்தையும் வழக்கறிஞரையும் சந்திப்பது கைதியின் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் அந்தத் தொலைபேசியை மலைக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். சாயங்காலத்தோடு கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆகவே பேசுவது பகலில்தான். பகலில் தேயிலை பறிக்கும் அம்மா காட்டில் இருப்பார். அங்கே சிக்னல் கிடைக்காது, அல்லது போன், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான ‘லைன்’ வீட்டில் கிடக்கும். மணி அடித்து அடித்து நின்றுபோகும் அந்த ஒரு அழைப்புக்காக உள்ளே இருப்பவர் நாள் கணக்கில் காத்திருந்திருப்பார். அப்புறம் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்ற சிக்கல். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் ஒரே போனை நாலு வீடு பயன்படுத்தும். கேரள எல்லையில் வாங்கிய சிம் இருக்கும், சிம்மின் சொந்தக்காரர் தோட்டத்தை விட்டே போயிருப்பார். பதிவு செய்ய ஆதாரம் கேட்டால் அங்கேயே நின்றுவிடும். இப்படிச் சட்டபூர்வ வழி அடைபடும் இடத்தில்தான், இரவு ஒன்பது மணிக்கு, அம்மா வீட்டில் இருக்கும் நேரத்தில், யாரோ ஒருவர் ‘ஐந்து நிமிடம் இவ்வளவு’ என்று கள்ளப் போனை நீட்டுகிறார். வாங்கிப் பேசியவர் அதன் பிறகு அவருக்குக் கடன்காரர். அந்தக் கடனை வெளியே ஏதாவது செய்துதான் அடைக்க வேண்டியிருக்கும்.

எனவே முதலில் செய்ய வேண்டியதாக எனக்குத் தெரிவது சாயங்கால அழைப்பு. பூட்டிய பிறகும் கைதிகள் இருக்கும் கட்டடத் தொகுதிக்குள்ளேயே பேசும்படி, பதிவு செய்த எண்களுக்கு மட்டும் போகும் கம்பிவழித் தொலைபேசியை வைக்கலாம். பிரிட்டனிலும் பிரான்சிலும் அறைக்குள்ளேயே அப்படி வைத்திருக்கிறார்கள். பேச்சுப் பதிவாகும் என்பதைக் கைதிக்குச் சொல்லிவிடுகிறார்கள். கட்டணம் வெளியே இருப்பதைவிடக் கூடக் கூடாது. எண்ணைச் சரிபார்க்கும் வேலையில், ஆவணம் இல்லாத குடியிருப்புகளுக்கு கிராம நிர்வாக அலுவலரோ சட்ட உதவி மையமோ சான்று கொடுத்தால் போதும் என்று வைக்கலாம். மனுவுக்குப் பதிலாக உதகையிலோ கூடலூரிலோ நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறையும் ஒரு திரையும் இருந்தால், கோவை வரை இறங்காமலே முகத்தைப் பார்த்துப் பேசிவிடலாம். காவல் நீட்டிப்புக்குப் பயன்படும் அதே காணொளி இணைப்பு இதற்கும் போதும்.

இதனால் கள்ளப் போன் முழுவதும் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் பேச நினைப்பவர்கள் அந்தச் சந்தையை விட்டு விலகினால், மிஞ்சுபவர்கள் பதிவாகும் தொலைபேசியில் பேச முடியாத விஷயம் உள்ளவர்கள். அவர்களைத் தேடுவது எளிது. காவலர்களின் நேரமும் அவர்கள் மீது மட்டும் விழும்.

அவர்களில் மலைக்கு மிகவும் ஆபத்தானவர் சாட்சியை மிரட்டுபவர். சென்னையில் ஒரு சாட்சி வீடு மாறிவிடலாம், கூட்டத்தில் கரைந்துவிடலாம். ‘அட்டி’ எனப்படும் படுகர் சிற்றூரிலோ தோட்டத்து லைனிலோ இருப்பவர் எங்கே போவார்? அவருடைய வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம். பிள்ளை போகும் பள்ளிக்கூடமும் பஸ் நேரமும் எல்லோருக்கும் தெரியும். உள்ளிருந்து ஒரு அழைப்பு, ‘நல்லா இருக்கியா, பாப்பா இப்ப எத்தனாவது படிக்குது’ என்று மட்டும் கேட்டால் போதும். அதில் மிரட்டல் என்று எழுத ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் அந்தச் சாட்சி நீதிமன்றத்தில் வாய் திறக்க மாட்டார். இப்படி அழைப்பு வந்தால் எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு என்பதை அன்றே எழுதிக் கொடுக்க ஓர் இடமும், அந்த எண்ணைச் சில மணி நேரத்தில் துண்டிக்க ஓர் ஏற்பாடும் வேண்டும். மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தினால் அதற்குள் சாட்சி விசாரணையே முடிந்துவிடும். மிரட்டிய கைதிக்கு எவ்வளவு கடுமையான தண்டனை கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் போனை உள்ளே விட்டவருக்கும் அதே அளவு கிடைக்க வேண்டும்.

1872ல் கட்டிய கோவை மத்திய சிறை, வ.உ.சி. செக்கிழுத்த சிறை, இப்போது காந்திபுரத்தின் நெரிசலுக்கு நடுவில் இருக்கிறது. அதைக் காரமடைப் பக்கம் பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் அரசிடம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வழி என்பதால் நீலகிரிக்காரர்களுக்கு அது கொஞ்சம் கிட்ட வரும். மதிலுக்கும் சாலைக்கும் நடுவே எறிந்தால் எட்டாத இடைவெளி, உள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம், ஒவ்வொரு தொகுதிக்கும் கம்பிவழித் தொலைபேசி ஆகியவற்றைக் கட்டும்போதே சேர்த்தால் செலவு குறைவு. பிறகு சுவரை உடைத்து வைக்கப் போனால் பல மடங்கு ஆகும். கூடவே, மேட்டுப்பாளையத்திலிருந்து சிறை வாசல் வரை ஒரு டவுன் பஸ்ஸும், மலையிலிருந்து வருபவர்கள் கடைசி வண்டியைப் பிடிக்கும்படி முன்பகலிலேயே அவர்களுக்கு மனு கொடுக்கும் ஒரு முறையும் இப்போதே கேட்டு வாங்க வேண்டியவை.